கைக்கெட்டும் உயரத்தில் பன்னிரண்டு சுவிட்ச்

வேதசிரோமணி குடியிருந்த தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டிலும் சுவிட்ச் போர்டு ஆறடிக்குக் கீழே இருக்காது. இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் தண்ணீர் சென்னைப் புறநகரான முடிச்சூருக்குள் புகுந்து மார்பளவு நின்றதே, அதற்கப்புறம் வந்த வழக்கம். பிள்ளைகள் லைட் போட ஸ்டூல் தேடுவார்கள். குள்ளமான விருந்தாளிகள் பாத்ரூமுக்கு இருட்டிலேயே போய்விட்டு வருவார்கள். இருந்தாலும் யாரும் போர்டைக் கீழே இறக்கியதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

வேதசிரோமணி வீட்டில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. வெள்ளம் வடிந்த கையோடு எலக்ட்ரீஷியன் அப்பாதுரை அறைக்கு அறை இருந்த போர்டுகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, வீட்டின் பன்னிரண்டு சுவிட்சையும் ஒரே பெரிய போர்டில் சேர்த்து, படுக்கையறைக் கதவுக்கு உள்ளே சுவரின் உச்சியில் வைத்துவிட்டார். தண்ணீர் வந்தால் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாடிக்கு ஓடலாம் என்பது அவருடைய கணக்கு. அன்றைக்கு அது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இந்த வருடம் மார்ச்சில் வேதசிரோமணியின் மனைவி பியூலாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறியது. ஊரப்பாக்கத்தில் நாலாவது மாடியில் ஃபிளாட் வைத்திருக்கும் மகன் ஜெஃப்ரி இருவரையும் அங்கே அழைத்துப் போனான். நல்ல பிள்ளை. மருந்து, பிசியோதெரபி, சக்கர நாற்காலி என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அவன் வீட்டு விளக்குகள் சுவிட்சுக்கு எரிபவை அல்ல, குரலுக்கு எரிபவை. மேஜைமேல் இருந்த சின்ன டப்பாவிடம் பியூலா "லைட்" என்று சொல்வாள். அது வேறெதுவோ போலக் கேட்கும். டப்பா மரியாதையாக, தனக்குப் புரியவில்லை என்று இங்கிலீஷில் சொல்லும். நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, யாராவது வரும்வரை அவள் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். ஐம்பது வருடம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வேதபாடம் சொல்லிக்கொடுத்த வாய் அது. அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் என்று வேதசிரோமணிக்கு ஆத்திரம் வரும்.

"நம்ம வீட்டுக்குப் போலாங்க," என்று அவள் தினமும் சொன்னாள். ஆறு மாதத்தில் அவள் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியமே அதுதான்.

ஜெஃப்ரிக்குப் பயம். முடிச்சூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் தன்னோடேயே இருந்துவிட வேண்டும் என்பது அவன் முடிவு. அடுத்த வாரம் திங்கட்கிழமை ஒரு குடும்பம் வீடு பார்க்க வருவதாகவும் சொல்லிவிட்டான். வேதசிரோமணி மன்றாடியபோது கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் அம்மாவ அங்க கூட்டிட்டு வர்றேன்ப்பா. யாரும் தொடாம அம்மாவே லைட்டு, ஃபேன் போட்டுக்கட்டும். நீங்க பால் வாங்கப் போனா அவங்க தனியா சமாளிக்கணும்ல? முடிஞ்சா ரெண்டு பேரும் அங்கயே இருங்க. முடியலன்னா திங்கட்கிழமை சாவியக் குடுத்துடலாம். அப்புறம் இதப் பத்திப் பேசக் கூடாது."

கையில் இருந்தது ஒரே வாரம். வேதசிரோமணி இந்தத் திங்கட்கிழமை காலையிலேயே முடிச்சூர் வந்து அப்பாதுரையைப் பிடித்தார்.

"இன்னா சார் சொல்ற? போர்ட கீய எறக்கணுமா?" அப்பாதுரை அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஐப்பசி மய வரப்போவுது. நான் வெச்ச போர்டு தண்ணில மெதக்குச்சுன்னு நாலு பேர் சொல்லணுமா? உனக்கு இன்னா வேணாலும் செய்றேன் சார், இது மட்டும் கேக்காத."

"என் வீட்டம்மாவுக்காகக் கேக்கறேன் அப்பாதுரை. ஞாயித்துக்கிழமை வர்றா."

"அக்காவுக்காகத்தான் சார் நானும் வேணாங்கறேன். கால் வெளங்காதவங்க, கீய போர்டு, தண்ணி. மூணும் ஒண்ணா சேரக் கூடாது."

இன்னும் இரண்டு பேரைக் கேட்டார். இதே பதில்தான். சரி, நாமே செய்வோம் என்று முடிவு கட்டினார். முப்பத்து நாலு வருடம் தாம்பரத்துப் பள்ளியொன்றில் இயற்பியல் நடத்தியவர். கரும்பலகையில் அவர் வரைந்த மின்சுற்று ஒன்றுகூட எரியாமல் போனதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவருக்கு யார் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் ஊரப்பாக்கத்தில் நாற்காலியில் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மெயினை அணைத்துவிட்டு ஏணி போட்டு ஏறி, போர்டின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த வயர்கள் அத்தனையும் சிவப்பு. அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. வெள்ளம் முடிந்த வாரத்தில் தாம்பரத்துக் கடைகளில் ஒரே அடிதடி. கறுப்பும் பச்சையும் தீர்ந்து சிவப்பு வயர் சுருள் மட்டும்தான் மிச்சம் இருந்தது. "கெடச்சத போடுவோம் சார்" என்று அப்பாதுரை சொல்ல, "போடுங்க" என்று தலையாட்டியதும் இவர்தான். ஒரு வயருக்கும் இன்னொரு வயருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பிறந்த குழந்தையாலும் முடியாது, பேராசிரியராலும் முடியாது.

ஆனாலும் முறையாகத்தான் ஆரம்பித்தார். போனில் போட்டோ எடுத்தார். காகிதத் துண்டுகளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதி ஒவ்வொரு வயரிலும் நூலால் கட்டினார். பிறகு உளியும் சுத்தியலுமாகச் சுவரில் இறங்கினார். இடுப்புக்குச் சற்று மேலே, மூன்றே முக்கால் அடி உயரத்தில் தட்டியபோது சுவர் பொள்ளலாகச் சத்தம் கொடுத்தது. பூச்சைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே துருப்பிடித்த பழைய இரும்புப் பெட்டி, வெள்ளத்துக்கு முந்தைய சுவிட்ச் போர்டின் பெட்டி. உள்ளே காய்ந்த சேறு. மேலே போவதற்குப் பழைய குழாயும் அப்படியே இருந்தது. கர்த்தரே இடம் ஒதுக்கி வைத்திருந்ததாக நினைத்து வேதசிரோமணி அங்கேயே நின்று ஜெபம் பண்ணினார். கொஞ்சம் பொறுத்துப் பண்ணியிருக்கலாம்.

புதன்கிழமை வயர்களுக்கு நீளம் சேர்த்து, மேலிருந்து குழாய் வழியாகக் கீழே இழுத்தார். வயர்கள் வந்தன. காகிதத் துண்டுகள் வரவில்லை. நூலோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே தங்கிவிட்டன. போனில் எடுத்த போட்டோவைத் திறந்து பார்த்தார். மிக அழகான போட்டோ. சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

"சரி, போட்டுப் பாத்துக் கண்டுபிடிப்போம்," என்று சத்தமாகத் தனக்கே சொல்லிக்கொண்டார். வகுப்பில் மாணவர்களிடம் சொல்வாரே, அதே குரல்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் புதுப் போர்டில் மாட்டி மெயினைப் போட்டார். முதல் சுவிட்சைத் தட்டினால் சமையலறை விளக்கு எரிந்தது. இரண்டாவதைத் தட்டினால் ஹால் ஃபேன் சுற்றியது. ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினால் பாத்ரூம் விளக்கு மங்கியது. ஏழாவதைத் தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை. ஏழாவது செத்துவிட்டது என்று காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அரை மணி கழித்து மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வாசல்வழியாகத் தண்ணீர் ஓடியபிறகுதான் ஏழாவது மோட்டார் என்று தெரிந்தது. ஓடிப்போய் அணைத்தார். பதற்றத்தில் எட்டாவதை அணைத்துவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மெயினை அணைத்து, வயர்களை இடம் மாற்றிப் போட்டார். வெள்ளிக்கிழமை இன்னொரு முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஒன்று சரியானால் இரண்டு கெட்டது. படுக்கையறை ஃபேனைப் போட்டால் ஹால் விளக்கும் சேர்ந்து எரிந்தது, அதுவும் அழுது வடிந்துகொண்டு. ஃபேனும் சுற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தது. தொடர் இணைப்பு. முப்பத்து நாலு வருடம் பத்தாம் வகுப்பில் இதைத்தான் நடத்தினார். தொடர் இணைப்பில் இப்படித்தான் ஆகும் என்று தெரியும். எங்கே, எப்போது, எந்த வயரால் இது தொடர் இணைப்பாயிற்று என்பதுதான் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. காலண்டர் பின்பக்கத்தில் அடித்து அடித்து எழுதியதில் அவர் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை.

தரையில் சிமெண்ட் தூசிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். தனக்கு இதுவரை தெரிந்ததென்று நினைத்ததில் எது உண்மையாகவே தெரியும் என்ற சந்தேகம் அறுபத்தொன்பது வயதில் முதல்முறையாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே நாள்தான் இருந்தது. ஜெஃப்ரி சாவியைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். பியூலா மறுபடி அந்த டப்பாவுக்கு முன்னால் உட்காருவாள். நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அழவும் செய்தார். வீட்டில் யாரும் இல்லாதது வசதியாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாதுரை தானாகவே வந்தார். நாலு நாளாகத் தெருவெங்கும் சுத்தியல் சத்தம் கேட்டால் வராமல் இருப்பாரா?

போர்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

"சார், நீ பசங்களுக்கு கரெண்டு பாடமா எடுத்த?"

"ஆமா."

"எத்தினி பேர் உயிரோட கீறானுங்க?"

அப்பாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு டேப்பைப் பிரித்தார், இணைப்புகளை அறுத்து மறுபடி முறுக்கினார், எர்த் வயரை இழுத்துப் பார்த்தார், பழைய வயர்களை வெட்டித் தூர எறிந்தார். தொடர் இணைப்பையும் எங்கோ கண்டுபிடித்துப் பிரித்துவிட்டார். எழுந்திருக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

"ஷாக் அடிக்காது. ஏதாவது ஒண்ணுன்னா ட்ரிப்பர் விய்ந்துரும், நான் கேரண்டி. ஆனா எந்த சுவிட்ச் எதுக்குன்னு மட்டும் என்ன கேக்காத. எல்லாத்தையும் பிரிச்சு வரிசையா போட ரெண்டு நாள் ஆவும். நாளைக்கு எம்பொண்ணுக்கு வளகாப்பு."

"நாளைக்குத்தான் அவ வர்றா அப்பாதுரை."

"அதான் சார் வந்தேன்." செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "மய வந்தா மொத வேலையா மெயின ஆஃப் பண்ணு. மறந்துராத."

அவர் தலை மறைந்ததும் தெருவுக்கே கரண்ட் போயிற்று. எது எதற்கு என்று தட்டிப் பார்க்கவும் வழியில்லாமல் போனது. வேதசிரோமணி மனதைத் தேற்றிக்கொண்டார். எது எரிந்தால் என்ன, பியூலாவின் கைக்கு எட்டினால் போதும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து வந்து கட்டிலுக்கும் போர்டு இருந்த சுவருக்கும் நடுவே, பியூலாவின் நாற்காலி வந்து நிற்கும் இடத்தில் போட்டு உட்கார்ந்தார். கையைத் தூக்கினார். எட்டிப் பிடிக்க முயற்சி எதுவும் வேண்டாம், கை போன இடத்தில் சுவிட்ச் இருந்தது. முதலாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தட்டினார். எழுந்து போய் மறுபடி வந்து உட்கார்ந்து தட்டினார். வாரம் முழுவதும் சரியாக வந்த ஒரே காரியம் இதுதான் என்று நினைத்தபோது மனது கொஞ்சம் நிறைந்தது.

மறுநாள் பன்னிரண்டரைக்குக் கார் வந்தது. ஜெஃப்ரியும் மருமகள் ஆஷாவும் பியூலாவை நாற்காலியில் இறக்கினார்கள். அவளுடைய பெட்டி காரிலேயே இருந்தது. வேதசிரோமணி அதைக் கவனித்தார். கரண்ட் வந்திருந்தது. பியூலா சர்ச்சுக்குக் கட்டிய நீலப் புடவையில் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள். உடம்பு இளைத்திருந்தாள். ஆனால் இடது காலால் தரையை உந்தி, இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, யார் உதவியும் இல்லாமல் ஹாலைக் கடந்தாள்.

"யாரும் தொடாதீங்க," என்றான் ஜெஃப்ரி. அவன் குரலில் கண்டிப்பைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

பியூலா படுக்கையறைக்குள் போனாள். இடப்பக்கம் கட்டில், நேரெதிரே பீரோ. நாற்காலி நேராகப் போகலாம், அப்படியே பின்னால் வரலாம், உள்ளே திரும்புவதற்கு இடமில்லை. போர்டின் அருகே வந்து நின்றாள். புதுப் போர்டு பளபளத்தது. அவளுக்கு வலப்பக்கம், கைக்கெட்டும் உயரத்தில், பன்னிரண்டு சுவிட்ச்.

அவளுடைய வலது கை மடியில் கிடந்தது.

வேதசிரோமணி அந்தக் கையைப் பார்த்தார். ஆறு மாதமாகத் தினமும் இரண்டு வேளை எண்ணெய் போட்டு நீவிவிட்ட கை. ஒவ்வொரு விரலும் எவ்வளவு மடங்கும் என்று பிசியோதெரபிஸ்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படித் தெரிந்த மனிதர்தான் நேற்று நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கிப் பன்னிரண்டு சுவிட்சையும் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டார். அவர் வீட்டைத் தயார் பண்ணியது பிப்ரவரி மாதத்துப் பியூலாவுக்கு. இது எப்படி நடந்தது என்று அவருக்கு விளங்கவே இல்லை.

பியூலா இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எட்டினாள். விரல் நுனி போர்டின் ஓரத்தைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். நாற்காலி ஆடியது. ஆஷா "மாமி!" என்று பாய்ந்தாள். பியூலா மூச்சு வாங்க நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஜெஃப்ரி மென்மையாகத்தான் சொன்னான். "பரவால்லப்பா. நீங்க ட்ரை பண்ணீங்க. வாங்க, கெளம்பலாம்."

"வலது கைய மறந்துட்டேன் பியூலா," என்றார் வேதசிரோமணி. "எனக்கே புரியல. எப்படி மறந்தேன்னு எனக்கே புரியல."

பியூலா அவரைப் பார்த்தாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"நானுந்தாங்க. தெனமும் காலைல... எந்திரிக்கறப்ப... மறந்துடறேன்."

சொல்லிவிட்டு இடது காலைத் தரையில் ஊன்றி உந்தினாள். நாற்காலி பின்னோக்கி நகர்ந்து ஹாலுக்கு வந்தது. ஜெஃப்ரி வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தான். பியூலா வாசலுக்குப் போகவில்லை. ஹாலின் நடுவில் நாற்காலியை ஒரு சுற்றுத் திருப்பினாள். படுக்கையறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி காலால் உந்தினாள். முன்னால் போவதைவிடப் பின்னால் போவது அவளுக்குச் சுலபமாகவே வந்தது. கதவு நிலையில் சக்கரம் ஒருமுறை இடித்தது. சரிபண்ணிக்கொண்டு உள்ளே போய் நின்றாள். இப்போது போர்டு அவளுக்கு இடப்பக்கம் இருந்தது.

கையைத் தூக்கித் தட்டினாள்.

"அம்மா, கிச்சன்ல லைட்டு எரியுது," என்றான் ஜெஃப்ரி குழப்பத்தோடு. "உங்களுக்கு பெட்ரூம் லைட்டுதான வேணும்? அப்பா, எது பெட்ரூம் லைட்டு?"

முப்பத்து நாலு வருடம் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவர் தலையை ஆட்டினார். "தெரியலடா. எது எதுக்குன்னு ஒண்ணுமே தெரியல."

பியூலா சிரித்தாள். மார்ச்சுக்கப்புறம் அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணி, சத்தம் மட்டும் பழையபடியே வந்தது.

"நீ அங்க... கிச்சன்லயே நில்லு," என்றாள் மகனிடம். "ஆஷா, ஹால். நான் போடப் போட... சொல்லுங்க."

அடுத்ததைத் தட்டினாள். "ஹால் ஃபேன், மாமி!" அடுத்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஜெஃப்ரி பாத்ரூமுக்கு ஓடினான், பின்கட்டுக்கு ஓடினான். "வெளி லைட்டும்மா! இருங்க, இருங்க, அடுத்தத இன்னும் போடாதீங்க!" சாவி வாங்க வந்த பிள்ளை ஒவ்வொரு அறையாக மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தான். அவனுடைய முழுக்கைச் சட்டை நனைந்துபோனது. வேதசிரோமணி என்ன செய்வதென்று தெரியாமல் அறை நடுவில் நின்றார்.

"சும்மா நிக்காதீங்க," என்றாள் பியூலா. "எழுதுங்க. அஞ்சாவது... பெட்ரூம் லைட்டு."

அவள் தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் பேனாவைத் தேடினார்.

"ஆஷா," என்று ஜெஃப்ரி சமையலறையிலிருந்து கூப்பிட்டான். "கார்லேர்ந்து அம்மா பெட்டிய எறக்கிடு."